பிசிறில்லாமல் அறுக்க எந்த பிளேடு?

(வாசகர் கேள்வி–பதில். கோவையில் ரம்ப பிளேடுகளுக்குச் சாணை பிடிக்கும் பட்டறை நடத்தும் அன்பர், கெட்டி மரத்தைச் சுத்தமாக அறுப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, காரைக்குடிப் பக்கம் கதவு, நிலை செய்கிறேன். தேக்குப் பலகையை டேபிள் ரம்பத்தில் நெடுக்கே கிழிப்பதுதான் முக்கால்வாசி வேலை. வெட்டு சுத்தமாக வர வேண்டும் என்று 10 இன்ச்சில் 80 பல் பிளேடு வாங்கினேன். பல் கூடக்கூட ஃபினிஷிங் நன்றாக வரும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை இன்ச் தேக்கைத் தள்ளினால் ஓரம் கறுத்துப்போகிறது, கருகல் வாடை வருகிறது, மோட்டார் திணறுகிறது. பிளேடு டூப்ளிகேட்டா?

பதில்: பிளேடு அசலாகத்தான் இருக்கும், தம்பி. அது செய்ய வேண்டிய வேலை வேறு. என் பட்டறைக்குக் கறுத்துப்போய் வரும் பிளேடுகளில் பாதி இந்தக் கதைதான். கடைக்காரர் சொன்னது குறுக்குவெட்டுக்குச் சரி. நெடுக்கே கிழிக்க அது பொருந்தாது.

கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்கே பிளந்தால் நார் நாராகப் பிரிந்து வரும். குறுக்கே வெட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். மரமும் அப்படித்தான். நெடுக்கே கிழிக்கும்போது பல்லுக்கு முன்னால் நீளநீளமான சீவல் எழும்பும். அந்தச் சீவல் வெட்டு முடியும்வரை தங்குவதற்கு இடம் வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம்தான் அந்த இடம். 24 பல் பிளேடில் அந்தப் பள்ளம் விரல் நுழையும் அளவு இருக்கும். 80 பல் பிளேடில் நகம் நுழைந்தால் அதிகம். சீவல் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நசுங்கித் தேய்கிறது. அந்தச் சூட்டில்தான் உங்கள் தேக்கு கறுக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டேபிள் ரம்பம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பல் என்றால் நிமிடத்துக்கு 96,000 முறை பல் மரத்தைத் தொடுகிறது. நீங்கள் நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் பலகையைத் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் 0.04 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி எடுக்கும். அது நல்ல கடி. அதே வேகத்தில் 80 பல் பிளேடைப் போட்டால் 3,20,000 முறை. ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.0125 மில்லிமீட்டர். அந்த அளவில் பல் மரத்தைக் கடிப்பதில்லை, மேலே உரசிக்கொண்டு போகிறது. பழைய கடி கிடைக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 13 மீட்டர் வேகத்தில் தள்ள வேண்டும். உங்கள் மோட்டாரும் தாங்காது, கைக்கும் ஆபத்து.

கிழிப்பதற்கென்று ஒரு பிளேடு வாங்குங்கள். 24 பல், பல்லின் தலை தட்டையாக இருப்பது, பல் முன்னோக்கிச் சாய்ந்த கோணம் 18 முதல் 22 டிகிரி. இரண்டு இன்ச்சுக்கு மேல் உள்ள நிலைச் சட்டங்களுக்கு இதுதான் சரி. ஒன்றரை இன்ச்சும் அதற்குக் கீழும்தான் அதிகம் என்றால் 30 அல்லது 40 பல் எடுக்கலாம். மரத்துக்கு மேலே பல் கொஞ்சம் தெரியும்படி பிளேடை வைத்து அறுக்கும்போது, ஒன்றரை இன்ச் பலகைக்குள் 24 பல் பிளேடில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய இரண்டு பல் இருக்கும். 40 பல்லில் மூன்று, நான்கு. 80 பல்லில் ஏழு. கிழிக்கும்போது மூன்றிலிருந்து ஐந்து பல் உள்ளே இருந்தால் வெட்டு ஒழுங்காகவும் வரும், சூடும் ஏறாது. 24 பல்லில் கிழித்த ஓரத்தில் லேசாக வரி தெரியும். அது ஒரு தடவை இழைப்புளி போட்டால் போய்விடும். கருகல் அப்படிப் போகாது. இழைத்து எடுத்தாலும் உள்ளே இறங்கியிருக்கும், பாலிஷ் போடும்போது திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். பிளேடை மாற்றிய பிறகும் கறுத்தால், குறை மெஷின் நேராக இல்லாததில் இருக்கலாம். மெஷினின் கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு பல்லில் பென்சிலால் குறி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, மேசையில் நெடுக்கே ஓடும் காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) அது எவ்வளவு தூரம் என்று அளவெடுங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளவெடுங்கள். இரண்டும் 0.1 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். பலகையை ஒட்டித் தள்ளும் பக்கத்து கைடும் அந்தக் காடிக்கு இணையாக நிற்க வேண்டும். பின்பக்கம் பிளேடை நோக்கி மயிரிழை சாய்ந்திருந்தாலும் பலகையை நெருக்கும். முதலில் கறுக்கும், பிறகு ஒருநாள் பலகை உங்களை நோக்கி உதைக்கும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டைக் கழற்றி மூலையில் போட்டிருந்தால், தயவுசெய்து இன்றே மாட்டிவிடுங்கள். வெட்டிய வாய் மூடி பிளேடைப் பிடித்துக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

80 பல் பிளேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கதவுச் சட்டத்தைக் குறுக்கே அளவுக்கு வெட்ட அதைவிட நல்ல துணை கிடையாது. ஒரே பிளேடை மாட்டிக்கொண்டு வருஷம் முழுக்க எல்லாவற்றையும் அறுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. மாற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: வணக்கம் சார். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன், மொட்டை மாடியில் மரவேலை பழகுகிறேன். பழைய கட்டிலிலிருந்து எடுத்த ஈட்டி மரத்தில் போட்டோ சட்டம் செய்கிறேன். 10 இன்ச் மைட்டர் ரம்பத்தில் (பிளேடை மேலிருந்து இறக்கி வெட்டுவது) 45 டிகிரிக்கு வெட்டினால் பின்பக்க ஓரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்கிறது. மெஷினோடு வந்த பிளேடு 40 பல். எதை வாங்குவது?

பதில்: அம்மணி, நீங்கள் வாங்க வேண்டியது 80 பல். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்துத் தீட்டியிருக்க வேண்டும். அந்தச் சாய்வு நுனிகள் நாரை இரண்டு பக்கமும் முதலில் கீறிவிடும், பிறகுதான் நடுவில் உள்ளது பெயர்ந்து வரும். கிழிக்கும் பிளேடின் தட்டைப் பல் இந்த வேலையைச் செய்யாது.

பல் எண்ணிக்கையைவிட மைட்டர் ரம்பத்தில் நான் முதலில் பார்ப்பது பல்லின் சாய்வுக் கோணம். டேபிள் ரம்பத்து பிளேடைக் கழற்றி இதில் மாட்டுகிறவர்கள் நிறைய. அதன் பல் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் மரத்தைக் கவ்வி இழுக்கும், கையிலிருக்கும் சின்னத் துண்டு துள்ளும். மைட்டர் ரம்பத்துக்குக் கோணம் 0 டிகிரியை ஒட்டியோ, மைனஸ் 5 டிகிரியாகவோ இருக்க வேண்டும். பிளேடின் மேலோ அட்டையிலோ போட்டிருப்பார்கள். மைனஸ் என்றால் பல் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். வெட்டு மெதுவாகப் போகும், அதே காரணத்தால் அமைதியாகவும் போகும்.

இனி சிலாம்புக்கு வருவோம். எந்த பிளேடு ஆனாலும் பல் மரத்தைவிட்டு வெளியேறும் பக்கத்தில்தான் நார் பெயரும், ஏனென்றால் அங்கே நாரைத் தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஒன்றுமில்லை. மைட்டர் ரம்பத்தில் பல் மேலிருந்து இறங்கிப் பின்பக்கமாக வெளியேறுகிறது. ஆகவே அடிப்பக்கமும் பின்பக்கமும் பிசிறும். சட்டத்தின் அழகான முகத்தை மேலேயும் உங்களைப் பார்த்தும் வையுங்கள். பின்பக்க கைடோடு ஒரு நேரான பிளைவுட் துண்டையும், கீழே இன்னொன்றையும் வைத்து, அதையும் சேர்த்தே வெட்டுங்கள். அதில் விழும் பள்ளம் பிளேடின் அகலத்துக்குச் சரியாக இருக்கும், நாருக்கு முட்டுக்கொடுக்கும். பள்ளம் தேய்ந்து அகலமானதும் வேறு துண்டு மாற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் 40 பல் பிளேடுகூடப் பாதி ஒழுங்காகிவிடும். பிளேடு வாங்குவதற்கு முன்பே செய்து பாருங்கள்.

சுவிட்சைப் போட்டதும் முழு வேகம் வரும்வரை பொறுங்கள். வெட்டி முடித்ததும் கையை மேலே தூக்காமல் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு தூக்குங்கள். ஓடிக்கொண்டே மேலே வரும் பல்தான் பல தடவை அந்த அருமையான 45 டிகிரி முகத்தைக் கெடுக்கிறது.

ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிளைப்பும் கொடுக்கும். பொதுவாகவே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. மொட்டை மாடியில் காற்று வருகிறதே என்று இருந்துவிடாமல் நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அம்மணி.

கேள்வி: அண்ணே, திண்டுக்கல். 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் 40 பல் மர பிளேடு போட்டு வேப்பம்பலகை, கருவேலம் எல்லாம் அறுக்கிறேன். கார்டு (பிளேடை மூடும் காப்புத் தகடு) இடிக்கிறது என்று கழற்றிவிட்டேன். வெட்டு கரடுமுரடாக வருகிறது. இதற்கு எத்தனை பல் போட்டால் வழவழப்பாக வரும்?

பதில்: எத்தனை பல்லும் வேண்டாம், தம்பி. அந்த பிளேடை இன்றைக்கே கழற்றிவிடு.

உரிமையோடு சொல்கிறேன், ஒருமையில் எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கிரைண்டர் இரும்பை உரசுவதற்குச் செய்தது. நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுற்றும். உரசும் கல்லுக்குப் பல் கிடையாது, அதனால் எதையும் கவ்வாது. பல் உள்ள பிளேடு ஒரு கணுவிலோ வளைந்த நாரிலோ மாட்டினால், மெஷின் உன் கையைவிட்டுத் துள்ளும். எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டும் இல்லை, மரத்தின் மேல் உட்காரும் அடித்தட்டும் இல்லை. சுவிட்சோ பூட்டிக்கொள்ளும் வகை. கையிலிருந்து விழுந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சாணை பிடிக்க பிளேடு கொண்டுவந்து நீட்டும் கைகளில் விரல் குறைந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். தொடையில் தையல் போட்டவர்களும் வந்திருக்கிறார்கள். எப்படி ஆனது என்று கேட்டால் நிறையப் பேர் சொல்வது இந்த கிரைண்டரைத்தான்.

கரடுமுரடுக்கும் காரணம் அதுதான். அடித்தட்டு இல்லாத மெஷினைக் கையால் நேராகப் பிடிக்க யாராலும் ஆகாது. பிளேடு கொஞ்சம் திரும்பினாலும் பல்லின் பக்கவாட்டு மரத்தைச் சுரண்டும். நூறு பல் போட்டாலும் சுரண்டல் போகாது.

7 இன்ச் கை வட்ட ரம்பம் வாங்கு. கீழ்க் கார்டு தானாக மூடிக்கொள்ளும் வகை. புதிது வாங்க இப்போது காசு இல்லையென்றால் வாடகைக்கு எடு, அல்லது மரவாடியிலேயே அறுத்து வாங்கு. அதில் 24 பல் பிளேடில் கிழி, 40 பல் பிளேடில் குறுக்கே வெட்டு. கை வட்ட ரம்பத்தில் பல் கீழேயிருந்து மேலே வரும். அதனால் டேபிள் ரம்பத்துக்கு நேர்மாறாக, நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். ஒரு நேரான பட்டையை கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி ரம்பத்தை ஓட்டு. பிளேடின் ஆழத்தைப் பலகைக்குக் கீழே ஒரு பல் அளவு மட்டும் தெரியும்படி வை. கருவேலம் நன்றாகவே கெட்டி, அவசரப்படாமல் தள்ளு. மோட்டாரின் குரல் இறங்கினால் நீ வேகமாகத் தள்ளுகிறாய் என்று தெரிந்துகொள்.

மார்பிள் கட்டரைக் கேட்டு அடுத்த கடிதம் எழுதுவாய் என்று தெரியும். அதற்கு அடித்தட்டு உண்டு, கிரைண்டரைவிடப் பரவாயில்லை. ஆனால் தானாக மூடும் கீழ்க் கார்டு கிடையாது. அது கல்லுக்குச் செய்தது, கல்லுக்கே இருக்கட்டும்.

கேள்வி: பிளேடு அட்டையில் ஏடிபி, டிசிஜி, எஃப்டிஜி என்றெல்லாம் போட்டிருக்கிறது. கடையில் கேட்டால் ‘எல்லாம் நல்லா வெட்டும்’ என்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்ப்பது? — திருப்பூர் வாசகர்

பதில்: எஃப்டிஜி என்றால் தட்டைத் தலைப் பல், நெடுக்கே கிழிக்க. ஏடிபி என்றால் இடம்வலமாக மாறி மாறிச் சாய்ந்த பல், குறுக்குவெட்டுக்கும் பிளைவுட்டுக்கும். டிசிஜி என்றால் ஒரு பல் இரண்டு மூலையும் செதுக்கியது, அடுத்தது தட்டை. மைக்கா ஒட்டிய போர்டு, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), அலுமினியம் இவற்றுக்கு. நாம் பேசும் கெட்டி மரத்துக்கு முதல் இரண்டும் போதும். அலுமினியத்துக்கு என்று போட்ட 100 பல் பிளேடை ‘இன்னும் சுத்தமாக வரும்’ என்று தேக்குக்கு வாங்கிப்போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

மற்றபடி பார்க்க வேண்டியது: நடு ஓட்டை உங்கள் மெஷினுக்குச் சரியாகப் பொருந்துகிறதா? 10 இன்ச்சில் 25.4, 30 மில்லிமீட்டர் இரண்டும் கிடைக்கின்றன. 30 வாங்கினால் வளையம் போட்டுக் குறைக்கலாம். ஆனால் வளையம் ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும். பிளேடில் அச்சிட்ட அதிகபட்ச சுற்று உங்கள் மெஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். வெட்டின் அகலம்: முழு அகலப் பிளேடு 3.2 மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தைத் தின்னும், மெல்லியது 2.2 முதல் 2.4 வரை. எடுத்துச் செல்லும் சின்ன டேபிள் ரம்பங்களுக்கும், வோல்டேஜ் இறங்கும் ஊர்களுக்கும் மெல்லியது நல்லது. மோட்டாருக்குச் சுமை குறையும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டின் தடிமன் அந்த வெட்டு அகலத்தைவிடக் குறைவாகவும், பிளேடின் உடம்பைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேடு மாட்டும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, பல்லைக் கிட்டே வைத்துப் பாருங்கள். கடைகளில் விடியா என்று கேட்டு வாங்கும் அந்த டங்ஸ்டன் கார்பைடு துண்டு தடிமனாக இருந்தால் பல தடவை சாணை பிடிக்கலாம். காகிதம் போல் மெல்லியதாக இருந்தால் இரண்டாவது சாணைக்கே தாங்காது. துண்டை ஒட்டிய பற்றவைப்பு இடைவெளியில்லாமல் நிறைந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணம். எங்கட பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தபோது பனைமரத் தீராந்திகளும் (உத்திரங்களும்) சலாகைகளும் (சட்டங்களும்) மிஞ்சின. கறுப்பு வைரம், பார்க்க அவ்வளவு வடிவு. அவற்றில் ஒரு வாங்கு (பெஞ்சு) செய்ய விருப்பம். குறுக்கே அரிந்தால் முனை முழுக்கத் தும்பு தும்பாகக் கிளம்புகிறது. புது பிளேடும் கெதியில மொட்டையாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, ஐயா. அடுப்புக்குப் போகாமல் வாங்காக மாறப்போகிறதே.

பனை மற்ற மரங்களைப் போல வளையம் வளையமாக வளர்வதில்லை. மெத்தென்ற சோற்றுக்குள் கம்பி போன்ற கறுப்பு நார்கள் தனித்தனியாக நெடுக்கே ஓடுகின்றன. வெளிப்பக்கம் அந்த நார் நெருக்கமாக இருப்பதால்தான் வைரம். உள்ளே போகப்போக இடைவெளி அதிகம். தேக்கில் ஒரு நாரைப் பக்கத்து நார் பிடித்துக்கொள்ளும். பனையில் பிடிமானம் அந்த மெத்தென்ற பகுதிதான். பல் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் நாரை அறுக்காமல் தள்ளிவிடும், அது தும்பாக எழும்பி நிற்கும். பனைக்குள் சிலிக்காவும் உண்டு. தேக்கிலும் இருக்கிறது. பிளேடு சீக்கிரம் மழுங்குவதற்கு அது ஒரு காரணம். வெறும் இரும்புப் பல் பிளேடு என்றால் பனையில் நிற்கவே நிற்காது, விடியா பல்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் பிளேடு அத்தனை சீக்கிரம் போனதற்கு ஆணியும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். கூரை மரம் அல்லவா. அரிவதற்கு முன் பலமான காந்தத்தை நாலு பக்கமும் மெல்ல ஓட்டுங்கள். துருப்பிடித்து உள்ளேயே ஒடிந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். கார்பைடு மிகக் கெட்டியானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. ஒரு ஆணியில் நாலைந்து பல் மூளியாகிவிடும். எல்லா மரத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து மண்ணை எடுத்துவிடுங்கள். பல ஆண்டு கூரைத் தூசியும் மணலும் பல்லுக்கு எமன்.

பிளேடு 10 இன்ச்சில் 80 பல், இடம்வலமாகச் சாய்ந்தது, புதிதாகச் சாணை பிடித்தது. வெட்ட வேண்டிய கோட்டைச் சுற்றி நாலு முகத்திலும் கூரான கத்தியால் மூலைமட்டம் வைத்து ஆழமாகக் கீறுங்கள். கீறலின் மேல் மறைப்பு நாடாவை இறுக்கி ஒட்டுங்கள். பின்னால் முட்டுப்பலகை வையுங்கள். முதல் ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் மட்டும் வெட்டி, அடுத்த ஓட்டத்தில் முழுதாக வெட்டினால் இன்னும் நல்லது. சோறு அதிகமுள்ள உட்பகுதியை முடிந்தவரை நெடுக்கே அரிந்து நீக்கிவிடுங்கள். அதற்கு 24 பல் பிளேடு. வாங்குக்கு வைரப் பகுதி மட்டும் போதும். அறுத்த முனைகளில் மெல்லிய எபாக்சி பிசினை ஊறவிட்டு, இறுகியதும் உப்புத்தாள் போடலாம். தும்பு அமர்ந்துவிடும்.

பனஞ்சிறாம்பு குத்தினால் உள்ளேயே ஒடிந்து சீழ் பிடிக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகையைத் தூக்கி வைக்கும்போது தடித்த கையுறை போடுங்கள். ரம்பம் ஓடும்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடுங்கள், பல்லில் மாட்டினால் கையையே இழுத்துவிடும்.

கேள்வி: பிளேடு மழுங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாணை பிடிப்பதா, புதிது வாங்குவதா? — ஈரோடு வாசகர்

பதில்: என் பிழைப்பே சாணை, அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் நேரில் கேட்பவர்களுக்கும் சொல்வேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: பிளேடு மழுங்கியிருக்கிறதா, அழுக்காகியிருக்கிறதா?

வேங்கை அறுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தச் சிவந்த பிசின் பல்லின் பக்கவாட்டில் அரக்கு போல இறுகிவிடும். பல் கூராகவே இருக்கும், ஆனால் பக்கம் உரசி மரம் கருகும். தேக்கின் எண்ணெயும், பலாவின் பாலும் அப்படித்தான். பிளேடைக் கழற்றி, வெந்நீரில் சலவைத்தூள் கரைத்துத் தட்டையான தட்டில் கால்மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேயுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, துளி மெஷின் ஆயில் தடவுங்கள். காஸ்டிக் சோடா கலந்த கடுமையான திரவங்களை நான் பிளேடு பக்கம் விடுவதில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நோண்டுவது இன்னும் மோசம். மழுங்கிவிட்டது என்று கொண்டுவரும் பிளேடைக் கழுவி மட்டும் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரம் ‘புதுசு மாதிரி ஓடுது’ என்று கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு வருமானம் இல்லை, சந்தோஷம் உண்டு.

கழுவியும் சரியாகவில்லை என்றால் பல் முனையை நகத்தின் மேல் லேசாக வைத்து, இழுக்காமல் சாய்த்துப் பாருங்கள். கூரான பல் நகத்தில் பிடிக்கும், மழுங்கியது வழுக்கும். வெயிலில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், மழுங்கிய முனையில் வெள்ளைக் கோடாக ஒளி மின்னும். கூரான முனையில் மின்ன இடமில்லை.

நல்ல தடிமன் பல் உள்ள பிளேடு என்றால் சாணைதான். கார்பைடுக்கு வைரத்தூள் பதித்த சக்கரம் வேண்டும். சாதாரண சாணைக்கல்லில் கொடுத்தால் பல்லைக் கெடுத்துவிடுவார்கள். எல்லாப் பல்லையும் ஒரே உயரத்துக்கும் ஒரே கோணத்துக்கும் கொண்டுவரும் மெஷினா என்று கேட்டுக் கொடுங்கள். ஒரே ஒரு பல் உயரமாக நின்றாலும் வெட்டு முகத்தில் அது மட்டும் வரி போட்டுக்கொண்டே போகும். இரண்டு மூன்று பல் மூளியாகியிருந்தால் புதுத் துண்டு பற்றவைக்கலாம். உடம்பு வளைந்திருந்தாலோ, ஓட்டையைச் சுற்றி விரிசல் தெரிந்தாலோ யோசிக்காமல் பழைய இரும்புக்குப் போடுங்கள். முற்றிலும் மழுங்கி மரம் புகையும்வரை ஓட்டாமல் கொஞ்சம் முன்பே கொண்டுவந்தால், நான் தேய்க்க வேண்டியது குறையும், பிளேடின் ஆயுள் கூடும்.

பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நடுவில் அட்டை வைத்து, சுவரில் ஆணியில் மாட்டுங்கள். சிமென்ட் தரையில் ‘டங்’ என்று வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

கேள்வி: ஐயா, ஓய்வுபெற்ற ஆசிரியன், தஞ்சாவூர். எங்கள் தாத்தாவின் கைவாள் ஒன்று இருக்கிறது. மெஷின் வாங்கும் எண்ணமில்லை. பலாப்பலகையில் சின்ன அலமாரி செய்ய ஆசை. கைவாளில் சுத்தமான வெட்டு வருமா?

பதில்: வரும் ஐயா, நிச்சயமாக வரும். மெஷின் வருவதற்கு முன்பு செய்த கதவுகளெல்லாம் அப்படித்தான் செய்தார்கள்.

வாளின் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கைப்பிடியை நோக்கிச் சாய்ந்திருந்தால் இழுக்கும்போது அறுக்கும். எதிர்ப்பக்கம் என்றால் தள்ளும்போது. அதற்குத் தக்கபடிதான் பலம் கொடுக்க வேண்டும். ஒரு இன்ச்சில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். ஐந்தாறு பல் என்றால் அது கிழிக்கும் வாள். பத்துக்கு மேல் என்றால் குறுக்குவெட்டுக்கு ஏற்றது. அலமாரிக்கு உங்களுக்குக் குறுக்குவெட்டுதான் அதிகம். தாத்தாவின் வாள் பெரிய பல் என்றால், அதைக் கிழிப்பதற்கு வைத்துக்கொண்டு, சின்னப் பல் வாள் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தீட்டுவதற்கு முக்கோண அரம் வேண்டும். கிழிக்கும் வாளுக்கு அரத்தை வாளுக்குச் செங்குத்தாகப் பிடித்து ஓட்ட வேண்டும். குறுக்குவெட்டு வாளுக்கு 20 டிகிரி அளவு சாய்த்து, ஒன்றுவிட்டு ஒரு பல்லாக ஒரு பக்கம் முடித்து, பிறகு மறுபக்கம் திரும்பி மீதியைத் தீட்ட வேண்டும். பற்களை இடமும் வலமுமாக விரித்திருப்பதும் சமமாக இருக்க வேண்டும். வெட்டு ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போனால், அந்தப் பக்கம் விரிப்பு அதிகம் என்று பொருள். பழைய வாள் என்பதால் முதல் தடவை தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து, அவர் தீட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அறுக்கும் கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். கழிக்கப்போகும் பக்கத்தில், கீறலை ஒட்டி உளியால் சின்னச் சரிவு எடுத்துவிட்டால் வாள் அதில் தானாக உட்காரும். கீறலுக்கு இந்தப் பக்கம் உள்ள நார் ஏற்கெனவே அறுபட்டிருப்பதால் பிசிறே வராது. பலாப்பலகை நன்றாகக் காய்ந்ததா என்று மரவாடியில் கேட்டு வாங்குங்கள். ஈரம் இருந்தால் வாள் சிக்கும். சிக்கினால் வாளின் இரண்டு பக்கமும் மெழுகுவத்தியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அறுங்கள்.